எஸ்சி, எச்எஸ்சி பரீட்சைக்கு உடம்பும் மனசும் ஓயாமல் படிப்பது எப்படி? மொரிசியஸ் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதியம் இரண்டரைக்குப் பள்ளி விடும், அங்கிருந்து நேராக லெசோன் என்கிற தனி டியூஷன், அது முடிந்து பஸ் பிடித்து வீடு வந்து குளித்துச் சாப்பிட்டுப் புத்தகத்தைத் திறக்கும்போது மணி எட்டரை. பதினொன்று வரை பக்கத்தைப் புரட்டிவிட்டுப் படுத்தால் மறுநாள் காலை ஐந்தரைக்கு எழ வேண்டும். சனிக்கிழமை காலையும் லெசோன்தான். எஸ்சி (ஸ்கூல் சர்டிபிகேட்) எழுதும் கிரேடு 11, எச்எஸ்சி (ஹையர் ஸ்கூல் சர்டிபிகேட்) எழுதும் கிரேடு 13 பிள்ளைகள் நிறையப் பேருடைய வாரம் இப்படித்தான் ஓடுகிறது. இவ்வளவு நேரம் போட்டும், பள்ளியில் வைக்கும் மாதிரித் தேர்வின் தாள் கைக்கு வந்தால், "இதைப் படிச்சேனே, ஏன் எழுத வரல?" என்று தோன்றுகிறது. அந்த இடத்தில்தான் பலர் உடைந்து போகிறார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நிறையப் படிப்பதால் வரும் களைப்பு ஒரு ராத்திரி நல்ல தூக்கத்தில் போய்விடும். படித்தது தங்கியதா இல்லையா என்றே தெரியாமல் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதுதான் ஆளை அரிக்கிறது. ஆகவே இங்கே சொல்லப்போவது முழுக்க ஒரே திசையில்தான் போகும்: உட்காரும் நேரத்தைக் குறைத்து, உட்காரும் நேரத்தில் உங்களையே நீங்கள் சோதித்துக்கொள்வது. அக்டோபர், நவம்பரில் கேம்பிரிட்ஜ் தாள்கள் வருகின்றன என்று வைத்துக்கொண்டு, ஜூலை அல்லது ஆகஸ்டில் தொடங்குவது போல எழுதியிருக்கிறேன். செப்டம்பரில்தான் இதைப் பார்க்கிறீர்கள் என்றால் இரண்டாம், மூன்றாம், ஆறாம் படிகளை மட்டும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

முதல் படி: வாரத்தின் மணிக்கணக்கைப் பாருங்கள்

ஒரு தாளில் ஏழு நாளையும் வரிசையாக எழுதுங்கள். பள்ளி, பஸ், லெசோன், சாப்பாடு, தூக்கம், போன், எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி நிரப்புங்கள். போன் நேரத்தை மனசாட்சியிடம் கேட்காதீர்கள், போனிலேயே கணக்கு இருக்கிறது, அதைப் பாருங்கள்.

இப்போது ஒரே ஒரு கேள்வி: இந்த வாரத்தில் யாரும் பேசாமல், நீங்கள் தனியாக உட்கார்ந்து, உங்கள் கையால் ஏதாவது எழுதிப் பார்த்த நேரம் எவ்வளவு? பலருக்கு அது நாலைந்து மணி நேரம்கூட வராது. பள்ளியில் கேட்கிறோம், லெசோனில் அதையே இன்னொருவர் சொல்லிக் கேட்கிறோம், கேட்கும்போது எல்லாம் புரிந்தது மாதிரி இருக்கிறது. புரிவது வேறு, பரீட்சை ஹாலில் வெற்றுத் தாளில் எழுதுவது வேறு.

லெசோன் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல ஆசிரியர் கிடைத்தால் பாதிப் பாரம் குறையும். ஆனால் ஒரு மணி நேர லெசோனுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் சொந்தமாகப் பயிற்சி செய்ய இடமில்லை என்றால் அந்த லெசோனுக்குக் கொடுக்கும் பணம் வீண். ஐந்து பாடத்துக்கு லெசோன் போகிறவர்கள், ஏற்கெனவே ஓரளவு நன்றாக வரும் ஒரு பாடத்தின் லெசோனை நிறுத்திப் பாருங்கள். வீட்டில் இதைச் சொல்வது எளிதில்லை என்று தெரியும். நம் அம்மா அப்பாவுக்கு லெசோனை நிறுத்துவது என்றால் படிப்பையே நிறுத்துவது மாதிரி கேட்கும். அதனால் வாயால் வாதாடாதீர்கள். அந்தப் பாடத்தின் பழைய கேள்வித்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதி, திருத்தி, மதிப்பெண்ணோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். "நாலு வாரம் பார்க்கலாம்மா, மார்க் குறைஞ்சா திரும்பப் போறேன்" என்று சொன்னால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

இரண்டாம் படி: எதைக் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாடப்புத்தகம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கவேண்டிய கதை கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் கேம்பிரிட்ஜ் ஒரு சிலபஸ் வெளியிடுகிறது. எந்தத் தலைப்பு, எத்தனை தாள், எவ்வளவு நேரம், எத்தனை மதிப்பெண் என்று எல்லாம் அதில் இருக்கும். உங்கள் பரீட்சை ஆண்டுக்கு உரிய சிலபஸ்தானா என்று பார்த்து இறக்குங்கள். கூடவே பழைய கேள்வித்தாள்கள், அவற்றின் மார்க் ஸ்கீம் (எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற குறிப்பு), எக்ஸாமினர் ரிப்போர்ட். இந்தக் கடைசி ஒன்றைப் பெரும்பாலான பிள்ளைகள் திறந்துகூடப் பார்ப்பதில்லை, ஆனால் போன வருடம் எழுதியவர்கள் எங்கெங்கே மதிப்பெண்ணை விட்டார்கள் என்று திருத்தியவர்களே எழுதி வைத்திருப்பது அதில்தான்.

பழைய தாளில் ஒரு எச்சரிக்கை. சிலபஸ் மாறும்போது தாளின் அமைப்பும் மாறும். உதாரணமாக, எஸ்சி நிலையான ஓ லெவலின் மேத்ஸ் சிலபஸ் டி, அதாவது 4024 என்ற எண் உள்ள சிலபஸ். முன்பு முதல் தாள் 2 மணி நேரம் 80 மதிப்பெண், இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம் 100 மதிப்பெண். 2025 முதல் இரண்டு தாளும் 2 மணி நேரம், 100 மதிப்பெண், முதல் தாளில் கால்குலேட்டர் கிடையாது. அண்ணனுடைய பழைய தாள்களை வைத்து நேரத்தைப் பழகியவர் இந்த வித்தியாசத்தில் திணறுவார். கணக்குகள் பயிற்சிக்கு உதவும், நேர அளவை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள்.

பிறகு சிலபஸில் இருக்கும் ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் மூன்றில் ஒரு குறி போடுங்கள். மூடி வைத்து எழுத முடியும் என்றால் பச்சை. பார்த்தால் புரியும், ஆனால் மூடினால் வராது என்றால் மஞ்சள். புரியவே இல்லை என்றால் சிவப்பு. சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வெளியே தெரிகிற பிரச்சினை, ஆசிரியரிடம் கேட்டால் தீரும். மஞ்சள்தான் ஆபத்து. தெரியும் என்று நினைத்து ஒதுக்கிவிடுவோம், மதிப்பெண்ணும் அங்கேதான் போகும். எச்எஸ்சி எழுதுகிறவர்கள் இந்த வேலையை ஏ லெவலாக எழுதும் மெயின் பாடங்களில் தொடங்குங்கள், எடை அங்கேதான் அதிகம்.

மூன்றாம் படி: மூடி வைத்து எழுதுங்கள்

இந்தப் படிதான் உயிர். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு உரைப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதைத் திரும்பவும் படித்தார்கள், இன்னொரு சாரார் மூடி வைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. ராத்திரி படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போல இருந்து, ஒரு வாரத்தில் காணாமல் போவது ஏன் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் கிடையாது. ஹைலைட்டர் போடுவது, அழகான நோட்ஸ் எழுதுவது எல்லாம் இந்தத் திரும்பப் படிக்கிற கூட்டத்தில்தான் சேரும். நாலு நிறத்தில் கோடு போட்ட நோட்டு பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

செய்முறை இப்படி. ஒரு சிறு தலைப்பை எடுங்கள், பத்துப் பதினைந்து நிமிடம் கவனமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத் தாளில் நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள், படம் இருந்தால் வரையுங்கள். வரவில்லை என்றாலும் உடனே திறக்காதீர்கள், ஒரு இரண்டு நிமிடம் முட்டி மோதுங்கள், அந்த முட்டலில்தான் மனசில் பதிகிறது. அப்புறம் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனாவால் சேருங்கள். மறுநாள் உட்கார்ந்ததும் முதல் வேலை, அந்தச் சிவப்பு மட்டும் நினைவில் இருக்கிறதா என்று பார்ப்பது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஆசிரியர் விளக்குவது பாதி கிரியோலில், பாதி பிரெஞ்சில். வீட்டிலும் கிரியோல். மனசுக்குள் புரிவதும் கிரியோலில்தான். பரீட்சையில் எழுதவேண்டியது ஆங்கிலத்தில். தங்கச்சிக்குக் கிரியோலில் ஆஸ்மோசிஸை அழகாக விளக்கிவிட்டு, தாளில் "தண்ணீர் உள்ளே போகிறது" என்ற அளவில் ஆங்கிலத்தில் எழுதி வைத்தால் மதிப்பெண் வராது. வாட்டர் பொட்டன்ஷியல், பார்ஷியலி பெர்மியபிள் மெம்பரேன் என்ற சொற்களைத்தான் மார்க் ஸ்கீம் தேடுகிறது. ஆகவே எந்த மொழியில் வேண்டுமானாலும் புரிந்துகொள்ளுங்கள், யாருக்கு வேண்டுமானாலும் கிரியோலில் சொல்லிக் கொடுங்கள், ஆனால் மூடி வைத்து எழுதும் அந்த ஒரு தாள் மட்டும் பரீட்சை மொழியில் இருக்கட்டும்.

பாடத்துக்குப் பாடம் கொஞ்சம் மாறும். மேத்ஸில் போட்டு வைத்த கணக்கைப் படிப்பது நேர விரயம், விடையை மூடிவிட்டு நீங்களே போடுங்கள். ஒரே வகைக் கணக்கு இருபது வரிசையாகப் போடுவதற்குப் பதில் நாலைந்து வகையைக் கலந்து போடுங்கள். 2007-இல் ரோரர், டெய்லர் என்ற இருவர் செய்த சோதனையில், கலந்து போட்டவர்கள் பயிற்சியின்போது அதிகம் தடுமாறினார்கள், ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் 63 சதவீதம் சரியாகப் போட்டார்கள், வகை வகையாகப் போட்டவர்கள் 20 சதவீதம்தான். எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுப்பதே பாதிக் கணக்கு, வரிசையாகப் போடும்போது அந்தத் தேர்வு தேவைப்படுவதே இல்லை.

எச்எஸ்சியில் பொதுக் கட்டுரை கேட்கும் ஜெனரல் பேப்பருக்கு முழுக் கட்டுரை தினமும் எழுதத் தேவையில்லை. ஒரு தலைப்பை எடுத்து, பத்து நிமிடத்தில் வாதம், எதிர்வாதம், உதாரணம் என்று திட்டம் மட்டும் போடுங்கள். உதாரணத்துக்கு அமெரிக்காவைத் தேடி அலைய வேண்டாம். 2020 ஜூலையில் புவாந்த் தெஸ்னி அருகே பவளப்பாறையில் மோதிய வாகாஷியோ கப்பலும், அதிலிருந்து கடலில் கசிந்த சுமார் 1,000 டன் எண்ணெயும் சுற்றுச்சூழல் கட்டுரைக்கு வரும். சாகோஸ் தீவுகளை 1965-இல் மொரிசியஸிலிருந்து பிரிட்டன் பிரித்தது முறையல்ல என்று 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் சொன்ன கருத்துரை, காலனியம் பற்றியோ சர்வதேசச் சட்டம் பற்றியோ எதைக் கேட்டாலும் உதவும். நம் சர்க்கரையை உறுதியான விலைக்கு வாங்கிய ஐரோப்பாவின் சர்க்கரை ஒப்பந்தம் 2009-இல் முடிந்தது, மெட்ரோ எக்ஸ்பிரஸ் ரயில் வந்தது, கரும்பிலிருந்து சுற்றுலாவுக்கு நாடு நகர்ந்தது. இப்படி ஐந்தாறு உள்ளூர்ச் சங்கதிகளைத் தேதியோடு, எண்ணிக்கையோடு மனசில் வைத்துக்கொண்டால் பாதித் தலைப்புகளைச் சமாளிக்கலாம்.

தமிழை ஒரு பாடமாக எடுத்தவர்களுக்கு: கையால் எழுதுங்கள், தினமும் அரைப் பக்கம். போனில் தட்டிப் பழகிய கை பரீட்சையில் ழ, ள, ல முன்னால் நின்றுவிடும். ர-ற, ந-ன-ண மாறுகிற சொற்களை மட்டும் ஒரு பக்கத்தில் சேர்த்து வையுங்கள். வீட்டில் ஆத்தாவோ தாத்தாவோ தமிழ் பேசுகிறவர்கள் இருந்தால் அவர்கள் உங்களுக்கு இலவச லெசோன், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள்.

நான்காம் படி: இடைவெளி விட்டுத் திரும்புங்கள்

1885-லேயே எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து மறதியின் வேகத்தை அளந்து வைத்தார். படித்ததும் முதல் சில மணி நேரத்தில்தான் மறதி அதிகம், அப்புறம் வேகம் குறைகிறது. திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மறதி மெதுவாகிறது. ஆகவே ஒரு தலைப்பை ஒரே நாளில் நாலு மணி நேரம் படிப்பதைவிட, நாலு வேறு நாட்களில் ஒரு மணி நேரம் வீதம் படிப்பது எவ்வளவோ மேல்.

எவ்வளவு இடைவெளி? பரீட்சைக்கு மீதமுள்ள நாட்களில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை என்று வைத்துக்கொள்ளலாம். பத்து வாரம் இருந்தால் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நான் சொல்கிற எளிய முறை: மறுநாள், நாலாம் நாள், பத்தாம் நாள், அப்புறம் மூன்று வாரம் கழித்து. தாளின் மூலையில் அந்தத் தேதிகளை எழுதிவிடுங்கள். சிறு அட்டைகளில் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை எழுதி, வந்தவற்றை ஒரு பெட்டியிலும் வராதவற்றை இன்னொரு பெட்டியிலும் போடலாம். வராத பெட்டி தினமும், வந்த பெட்டி வாரம் ஒருமுறை. போனில் அன்கி என்ற செயலி இதையே தானாகச் செய்யும், பஸ்ஸில் போகும் நேரத்துக்கு அது பொருத்தம். அட்டையை அழகாகச் செய்வதில் நேரம் போக்காதீர்கள்.

ஐந்தாம் படி: நாளுக்கு ஒரு முடிவு நேரம் வையுங்கள்

எத்தனை மணிக்கு ஆரம்பிப்பது என்று எல்லோரும் திட்டம் போடுகிறார்கள். எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று போடுவதில்லை. பள்ளி நாளில் ஒன்பதரை, தவறினால் பத்து. அதோடு மூடுங்கள், பாதிக் கணக்கில் நின்றாலும் சரி. நாளை எதில் தொடங்கவேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மேஜையில் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். முடிவு நேரம் தெரிந்தால் முன்னால் இருக்கும் நேரம் தானாகக் கூர்மையாகிவிடும்.

லெசோன் இருக்கிற நாளில் ஐம்பது நிமிடம் வீதம் இரண்டு அமர்வு போதும். லெசோன் இல்லாத நாளில் மூன்று. வீட்டுக்கு வந்ததும் உட்காராதீர்கள், குளித்து, எதையாவது சாப்பிட்டு, அரை மணி நேரம் சும்மா இருங்கள். கஷ்டமான பாடம் முதலில், அட்டை புரட்டுவது கடைசியில். உட்காரவே பிடிக்காத நாளில் 25 நிமிடம் மட்டும் என்று கடிகாரம் வையுங்கள், 5 நிமிடம் ஓய்வு. ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலும் அடுத்த 25-க்கும் உட்கார்ந்துவிடுவீர்கள். போன் வேறு அறையில். சைலண்டில் போட்டுப் பக்கத்தில் வைப்பது போதாது. வாட்ஸ்அப்பில் நோட்ஸ் வரும் என்பீர்கள், வரட்டும், அமர்வு முடிந்ததும் எடுத்துப் பாருங்கள்.

சனிக்கிழமை லெசோன் முடிந்த பிறகு ஒரு முழுத் தாள். ஞாயிறு காலை இரண்டு அமர்வு, மதியத்துக்கு மேல் புத்தகமே கிடையாது. கடற்கரைக்குப் போங்கள், பந்து விளையாடுங்கள், சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வாருங்கள். அந்த அரை நாளில் குற்ற உணர்ச்சியோடு உட்கார்ந்திருந்தால் அது ஓய்வாகாது.

தூக்கம். 13 முதல் 18 வயதுக்காரர்களுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான், ஆகவே தூக்கத்தை வெட்டிப் படிப்பது படித்ததையே வெட்டுவதுதான். விடியற்காலை நாலரைக்கு எழுந்து படித்தால் பதியும் என்று ஆயா சொல்வார், சொல்வதில் தப்பில்லை, ஆனால் அவர் காலத்தில் எட்டரைக்கே விளக்கை அணைத்துவிடுவார்கள். ஒன்பது மணிக்குத் தூங்க முடிந்தால் தாராளமாக விடியலில் எழுங்கள். காபியோ டீயோ மாலை நாலுக்குப் பிறகு வேண்டாம். உடம்பில் போன கஃபீன் பாதியாகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி பதினொரு மணிக்கும் உள்ளே இருக்கும். எனர்ஜி டிரிங்க் பற்றிச் சொல்லவே வேண்டாம், தொடாதீர்கள்.

பண்டிகைகளையும் திட்டத்திலேயே சேருங்கள். புரட்டாசி விரதம் செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடு வரை, அதாவது பரீட்சையின் வாசலில் வருகிறது. தீபாவளி பெரும்பாலும் தாள்களுக்கு நடுவிலேயே வரும். விரதம் இருக்கிறவர்கள் பருப்பு, கடலை, பழம் குறையாமல் பாருங்கள், ஒரு வேளைதான் சாப்பிடுகிறீர்கள் என்றால் கஷ்டமான பாடத்தைக் காலைக்கு மாற்றுங்கள். உடம்பு கேட்கவில்லை என்றால் இந்த வருடம் சனிக்கிழமை மட்டும் இருக்கிறேன் என்று வீட்டில் சொல்லலாம், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். தீபாவளிக்கு முந்தின நாள் அம்மாவோடு உட்கார்ந்து கத்தோ பத்தாத் பிடித்துக் கொடுப்பது நேர விரயம் இல்லை. சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவைத் திரட்டித் தேங்காய் வைத்து மடிக்கிற அந்த இரண்டு மணி நேரம் தலைக்கு நல்ல ஓய்வு.

ஆறாம் படி: நேரம் வைத்துத் தாள் எழுதுங்கள்

ஆகஸ்ட் கடைசியிலிருந்து வாரத்துக்கு ஒரு பாடத்திலாவது முழுத் தாள். மேஜையில் தாள், பேனா, தண்ணீர் மட்டும். நடுவில் எழுந்திருக்கக் கூடாது. 2 மணி நேரத்தில் 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.2 நிமிடம். ஐந்து மதிப்பெண் கேள்வியில் பத்து நிமிடம் சிக்கினால் விட்டுவிட்டு நகரும் பழக்கம் இங்கேதான் வரவேண்டும்.

திருத்துவது எழுதுவதைவிட முக்கியம். மார்க் ஸ்கீமை வைத்து, உங்களுக்குப் பிடிக்காத ஒருவருடைய தாளைத் திருத்துவது போலக் கறாராகத் திருத்துங்கள். "இதைத்தானே நினைச்சேன்" என்பதற்கு மதிப்பெண் கிடையாது. அப்புறம் ஒரு தனி நோட்டு, தவறு நோட்டு. விட்ட ஒவ்வொரு மதிப்பெண்ணையும் ஏன் விட்டீர்கள் என்று எழுதுங்கள்: தெரியவில்லையா, தெரிந்தும் நினைவு வரவில்லையா, கேள்வியைத் தவறாகப் படித்தீர்களா, நேரம் போதவில்லையா. மூன்று தாள் எழுதினாலே ஒரு போக்கு தெரிய ஆரம்பிக்கும். கேள்வியைத் தவறாகப் படிப்பதுதான் பிரச்சினை என்றால் இன்னும் ஐம்பது பக்கம் படிப்பதால் எதுவும் மாறாது.

அந்தத் தவறில் பெரிய பங்கு கேள்வியின் ஏவல் சொல்லுக்குத்தான். ஸ்டேட் என்றால் ஒரு வரி, காரணம் வேண்டாம். டிஸ்கிரைப் என்றால் என்ன நடக்கிறது என்று மட்டும். எக்ஸ்ப்ளைன் என்றால் ஏன் என்பதும் வேண்டும். கிராஃபைக் காட்டி டிஸ்கிரைப் என்று கேட்டால் ஏறுகிறது, எந்த இடத்தில் தட்டையாகிறது, எண் எவ்வளவு என்று எழுதினால் போதும். அங்கே காரணங்களை அரைப் பக்கம் எழுதினால் கை வலிப்பதுதான் மிச்சம்.

ஏழாம் படி: சோர்வின் அடையாளங்களைக் கவனியுங்கள்

களைப்பு எல்லோருக்கும் வரும். கவனிக்கவேண்டியது வேறு. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட விளக்கத்தில், வேலை பார்ப்பவர்களின் தீராச் சோர்வுக்கு மூன்று அடையாளம் சொல்கிறது: சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்போ விலகலோ வருவது, செய்வது எதுவும் உருப்படவில்லை என்று தோன்றுவது. அது வேலையிடத்துக்காகச் சொன்னதுதான், ஆனால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளிடமும் இந்த மூன்றையும் அப்படியே பார்க்கலாம். எட்டு மணி நேரம் தூங்கியும் களைப்பு, முன்பு பிடித்த பாடம்கூட வெறுத்துப்போவது, ஒரே பத்தியை நாலு முறை படித்தும் ஏறாமை, சின்ன விஷயத்துக்கு வீட்டில் எரிந்து விழுவது, ஞாயிறு இரவானால் வயிற்றைப் பிசைவது.

இரண்டு மூன்று சேர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், இரண்டு நாள் முழுசாக நிறுத்துங்கள். லெசோனும்தான். அதில் போகும் பாடத்தைவிட, இப்படியே இழுத்துக்கொண்டு போய் அக்டோபரில் படுத்துவிட்டால் போவது அதிகம். திரும்பும்போது பாதி அளவில் தொடங்குங்கள், பச்சைத் தலைப்புகளில், வரும் என்று தெரிந்தவற்றில். தினமும் இருபது நிமிடம் நடங்கள், மாலையில், போன் இல்லாமல்.

தூக்கமே வராமை, அழுகை, சாப்பாடு இறங்காமை இரண்டு வாரமாக இருக்கிறது என்றால் அது திட்டம் போட்டுச் சரிசெய்கிற விஷயம் இல்லை. அம்மா, அப்பா, அக்கா, நம்புகிற ஒரு ஆசிரியர், யாரிடமாவது சொல்லுங்கள். அரசு மருத்துவமனையிலும் சுகாதார மையத்திலும் பணம் கட்டத் தேவையில்லை. செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்லிவிடவேண்டும், பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ரிசல்ட் வரும் நாளில் அரசு உதவித்தொகை வென்ற லோரியாக்களைத் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறோம், நல்லதுதான், ஆனால் மற்ற மாதங்களில் அந்தப் படத்தைக் காட்டி மற்ற பிள்ளைகளை அளப்பதை விடலாம். கோயிலில் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது "எத்தனை யூனிட் வரும்?" என்று எஸ்சி ரிசல்ட்டின் மொத்தக் கணக்கைக் கேட்கும் மாமாவையும் நீங்களே சமாளியுங்கள், பிள்ளையை விட்டுவிடுங்கள். "இன்னைக்கு எத்தனை பக்கம் படிச்சே?" என்று கேட்பதற்குப் பதில் ஒரு அட்டையை எடுத்துக் கேள்வி கேளுங்கள், பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, விடை பின்னால் எழுதியிருக்கிறது.

எட்டாம் படி: கடைசி வாரமும் பரீட்சை நாளும்

கடைசி ஒரு வாரம் புதுத் தலைப்பைத் தொடாதீர்கள். சிவப்பில் நிற்பது நிற்கட்டும். தவறு நோட்டு, மஞ்சள் தலைப்புகள், பாதித் தாள்கள், அவ்வளவுதான். இரவு படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் காலை ஒன்பது மணிக்குத் தாள் எழுதிப் பழகுங்கள், மூளையும் அந்த நேரத்துக்கு விழிக்கவேண்டும்.

பரீட்சை நடத்தும் சிண்டிகேட் கொடுத்த ஸ்டேட்மென்ட் ஆஃப் என்ட்ரி (பரீட்சைப் பதிவுத் தாள்), அடையாள அட்டை, கறுப்பு அல்லது நீலப் பேனா இரண்டு மூன்று, பென்சில், ஸ்கேல், கால்குலேட்டர், ஒளி புகும் பையில் முந்தின இரவே எடுத்து வையுங்கள். நேர அட்டவணையை நீங்களே பாருங்கள், நண்பர் சொன்னதை நம்பாதீர்கள். மாணவர்களுக்குப் பஸ் இலவசம்தான், ஆனால் அது நமக்காக நேரத்துக்கு வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, வழக்கமாகப் பிடிப்பதற்கு முந்தின பஸ்ஸில் ஏறுங்கள். நவம்பரில் கடற்கரையோர ஊர்களில் வெயில் ஏற ஆரம்பித்திருக்கும், தண்ணீர் பாட்டில் அவசியம். காலையில் வயிறு முட்டத் தின்ன வேண்டாம், வழியில் எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம். கத்தோ பிமா என்கிற மிளகாய் வடை பரீட்சைக்குப் பிறகு.

பயம் அதிகமாக இருக்கிறவர்களுக்கு ஒரு வழி. 2011-இல் ராமிரெஸ், பெய்லாக் என்ற ஆய்வாளர்கள், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தை அப்படியே தாளில் எழுதிய பதற்றக்கார மாணவர்கள் மேலான மதிப்பெண் எடுத்ததைக் கண்டார்கள். வீட்டிலிருந்து கிளம்பும் முன் எழுதிக் கிழித்துப் போட்டுவிடுங்கள். சாமி அறையில் திருநீறு பூசிக்கொண்டு கிளம்புவதும் அதே வேலையைத்தான் செய்கிறது என்பது என் சொந்தக் கருத்து, ஆய்வு எதுவும் இல்லை.

தாள் கைக்கு வந்ததும் முழுவதையும் ஒருமுறை பாருங்கள், தேர்வு செய்யவேண்டிய கேள்விகளைக் குறியுங்கள், நிச்சயமாக வருவதில் தொடங்குங்கள். முடிந்ததும் வாசலில் நின்று "மூணாம் கேள்விக்கு என்ன வந்துச்சு?" என்று பேசுகிற கூட்டத்தில் நிற்காதீர்கள். நேராக வீடு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் தூங்குங்கள். அடுத்த தாள் நாளைக்கே என்றால் மாலையில் தவறு நோட்டு மட்டும் இரண்டு அமர்வு. ஐந்தாறு நாள் இடைவெளி இருந்தால் அன்றைய மாலை முழுவதும் விடுமுறை, மறுநாள் காலையிலிருந்து ஐந்தாம் படியில் சொன்ன அதே அட்டவணை, அதே முடிவு நேரம். இடைவெளி நீளமாக இருக்கிறதே என்று ராத்திரி பன்னிரண்டு வரை நீட்டினால், கடைசித் தாளுக்குப் போகும்போது கையில் சக்தி மிஞ்சாது.